பல்கலைக்கழகத் தொண்டர்களையும் ஓய்வு பெற்றோரையும் சிறப்பிக்கும் முறை: வாசகர் கேள்வி – பதில்

பல்கலைக்கழகங்களில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவர்களையும், ஊதியம் எதிர்பாராமல் அவற்றுக்குத் துணை நின்ற தன்னார்வலர்களையும் எவ்வாறு சிறப்பிப்பது என்பது குறித்துக் கோவை, ஈரோடு, திருப்பூர், சேலம், நாமக்கல் மாவட்ட வாசகர்கள் கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். அனைத்தும் ஒரே பொருளைத் தொட்டவை என்பதால் இந்த இதழில் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். பெயர் வெளியிட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் ஊரும் பணியும் மட்டும் குறிக்கப்பட்டுள்ளன.

கேள்வி: ஐயா, எங்கள் பல்கலைக்கழகத்தின் நிறுவன நாளன்று ஓய்வு பெற்ற பணியாளர்கள் சிலருக்கும் தன்னார்வலர்கள் சிலருக்கும் சிறந்த சேவைக்கான விருது வழங்க முடிவு செய்திருக்கிறார்கள். தேர்வுக் குழுவுக்கு அலுவலர் சங்கத்தின் சார்பில் என்னை அனுப்பியிருக்கிறார்கள். பணிக்காலத்தை வைத்து வரிசைப்படுத்தினால் தகராறு வராது என்று சிலர் சொல்கிறார்கள். தங்கள் கருத்து என்ன?
— நிர்வாகப் பிரிவு அலுவலர், கோவை

பதில்: தகராறு வராது என்பது உண்மைதான். ஆனால் அப்படிச் செய்தால் பணிமூப்புப் பட்டியலை மேடையேறிப் படித்ததாகுமே தவிரப் பாராட்டியதாகாது. ஒருவர் 35 ஆண்டுகள் பணியில் இருந்தார் என்பதை அவருடைய பணிப்பதிவேடே சொல்லிவிடும். அந்த ஆண்டுகளில் அவர் செய்த எந்தக் காரியத்தால் எவருக்கு என்ன நன்மை விளைந்தது என்பதைப் பணிப்பதிவேடு சொல்லாது. அதைச் சொல்வதற்குத்தான் விருது தேவைப்படுகிறது. ஆகவே உங்கள் குழு பெயர்களை விவாதிப்பதற்கு முன்பாகப் பாராட்டிதழில் எழுதத் தக்கது எது என்பதை முடிவு செய்துகொள்வது நல்லது. ஒருவரைப் பற்றிப் பத்து வரி எழுத உட்காருங்கள். ‘தன்னலமற்ற உழைப்பாளி, அனைவரிடமும் இனிமையாகப் பழகியவர்’ என்பதைத் தாண்டி ஒரு வரியும் வரவில்லை என்றால், அவர் தகுதியற்றவர் என்று நினைத்துவிட வேண்டாம். அவரைப் பற்றி இன்னும் சரியாக விசாரிக்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

தேர்வுப் பிரிவின் பதிவறையை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு வேலைக்குச் செல்ல இருக்கும் ஒருவர், 1990-களில் பெற்ற பட்டத்துக்கு உண்மைத்தன்மைச் சான்று கேட்டு வருகிறார். கணினி வருவதற்கு முந்தைய மதிப்பெண் பதிவேடுகள் தடித்த அட்டை போட்ட பேரேடுகளாக இரும்பு அலமாரிகளில் அடுக்கப்பட்டிருக்கும். முதுகில் எழுதிய ஆண்டு மங்கிப் போயிருக்கும். ஏப்ரல் தேர்வு ஒரு பேரேட்டிலும் நவம்பர் தேர்வு வேறொன்றிலும் இருக்க, தவறிய பாடத்தைப் பின்னர் எழுதித் தேறியவரின் மதிப்பெண் மூன்றாவது ஒன்றில் கிடக்கும். இந்த வரிசை முழுவதையும் மனத்தில் வைத்திருந்து, பதிவெண்ணைக் கேட்டதும் நேராகச் சரியான அலமாரிக்கு நடக்கிற பதிவறை எழுத்தர் ஒருவர் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் இருந்திருப்பார். ஆண்டுதோறும் பேரேடுகளை இறக்கித் தூசி தட்டி, கரையான் ஏறாமல் காத்தவரும் அநேகமாக அவராகவே இருப்பார். ‘பழைய மதிப்பெண் பேரேடுகளுக்கு ஆண்டுவாரியாகப் பொருளடக்கம் எழுதி வைத்தார், அதனால் வெளியூரிலிருந்து சான்று கேட்டு வந்தவர்கள் மறுமுறை அலையாமல் பெற்றுச் சென்றார்கள்’ என்று அவருடைய பாராட்டிதழில் இரண்டே வரி இருந்தால் போதும். அரங்கில் இருப்பவர்களுக்கு அவரைப் புரிந்துவிடும். அவருக்கும் தம்முடைய வேலையைப் பார்த்தவர்கள் இருந்தார்கள் என்ற நிறைவு கிடைக்கும்.

பெயர்களை யாரிடம் கேட்பது என்பது அடுத்தது. துறைத்தலைவர்களுக்கு மட்டும் சுற்றறிக்கை அனுப்பினால் துறைத்தலைவர்களின் கண்ணில் பட்டவர்கள் மட்டுமே வருவார்கள். முன்னாள் மாணவர்கள், விடுதி மாணவர்கள், இணைவு பெற்ற கல்லூரிகளின் அலுவலகத்தார், பல்கலைக்கழகத்தைச் சுற்றியுள்ள ஊர் மக்கள் ஆகியோரிடமும் கேட்க வேண்டும். தமக்குத் தாமே விண்ணப்பிக்கும் முறையை அடியோடு தவிர்த்துவிடுங்கள். விண்ணப்பம் எழுதத் தெரிந்தவருக்கு விருது போய்ச் சேரும், துப்புரவுப் பணியாளருக்கும் விடுதிச் சமையற்காரருக்கும் ஒருநாளும் போய்ச் சேராது. பரிந்துரைப்பவர் தாம் நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சியையாவது எழுத வேண்டும் என்று கேளுங்கள். குழுவில் ஓய்வு பெற்ற ஒருவரும் மாணவர் ஒருவரும் இருக்கட்டும். குழுவினருக்கு உறவினரோ, அவர்களுக்குக் கீழ்ப் பணிபுரிந்தவரோ பரிசீலனைக்கு வந்தால் அந்தக் குழு உறுப்பினர் எழுந்து வெளியே சென்றுவிட வேண்டும் என்பதை முதல் கூட்டத்திலேயே எழுதிப் பதிவு செய்துகொள்ளுங்கள். பின்னால் சொன்னால் அது குறிப்பிட்ட ஒருவரைச் சுட்டியதாகிவிடும்.

இன்னொன்றையும் கவனிக்கக் கேட்டுக்கொள்கிறேன். பாரதியார் பல்கலைக்கழகம் 1982-ல் தொடங்கப்பட்டது. அவ்வாண்டு 22 வயதில் வேலைக்குச் சேர்ந்த ஒருவர் 2020-ல் 60 வயதைத் தொட்டிருப்பார். அதாவது, அதன் தொடக்க காலத்தைக் கண்ணால் கண்ட அலுவலர்கள் அனைவரும் ஏற்கெனவே வீடு சென்றுவிட்டார்கள். சேலத்துப் பெரியார் பல்கலைக்கழகம் 1997-ல் தோன்றியது. அதன் முதல் தலைமுறைப் பணியாளர்கள் இப்போது ஒவ்வொருவராக ஓய்வு பெற்று வருகிறார்கள். வாடகைக் கட்டடத்திலோ மரத்தடியிலோ ஒரு பிரிவு எப்படித் தொடங்கியது, முதல் பட்டமளிப்பு விழாவுக்கு இருக்கைகள் எங்கிருந்து வந்தன என்பதெல்லாம் கோப்புகளில் இராது. இவர்கள் நினைவில் மட்டுமே இருக்கும். விருதுக்காகத் தேர்ந்தெடுக்கப்படுபவரை ஒரு மணி நேரம் உட்காரவைத்துப் பேசச் சொல்லிப் பதிவு செய்து நூலகத்தில் சேர்த்தால், பல்கலைக்கழகத்துக்கே அது பெரிய வரவு.

கேள்வி: என் தாயார் பருத்தி ஆராய்ச்சிப் பண்ணையில் பல ஆண்டுகள் தினக்கூலியாக கிராசிங் (இரு இரகங்களைக் கலக்கும்) வேலை செய்தவர். அங்கே வெளியிடப்பட்ட இரகங்களைப் பற்றிச் செய்தித்தாளில் படிக்கும்போதெல்லாம், “கிராசிங் பண்ணுனது நாங்கன்னு யாரு கண்ணுக்குத் தெரியும்?” என்று சொல்வார். நிரந்தரப் பணியாளர் அல்லாதவர்களுக்கு இப்படிப்பட்ட விருதுகளில் இடம் உண்டா?
— பள்ளி ஆசிரியை, வடவள்ளி

பதில்: இடம் உண்டா என்று நீங்கள் கேட்கிறீர்கள், முதல் இடமே அவர்களுக்கு இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தங்கள் தாயார் செய்த வேலையைப் பற்றி அறியாத வாசகர்களுக்காகச் சிறிது விரிவாகச் சொல்கிறேன்.

பருத்திப் பூ ஒரே பூவில் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் கொண்டது. விட்டுவிட்டால் தன் மகரந்தத்தாலேயே காய்த்துவிடும். இரண்டு இரகங்களைக் கலக்க வேண்டுமானால், மறுநாள் மலரப் போகிற மொட்டை முந்தின நாள் பிற்பகலிலேயே கண்டுபிடிக்க வேண்டும். கட்டைவிரல் நகத்தால் மொட்டின் அடியைச் சுற்றிலும் கீறி, இதழ்களையும் அவற்றோடு ஒட்டிய மகரந்தக் குழலையும் ஒரே உருவலில் கழற்ற வேண்டும். நகம் சற்று ஆழமாக இறங்கினால் சூலகம் காயப்பட்டு மொட்டு உதிர்ந்துவிடும். மேலோட்டமாகக் கீறினால் மகரந்தப் பை ஒன்று உள்ளேயே தங்கி, கலப்பு பொய்யாகிவிடும். பிறகு அதன்மேல் சிவப்புத் தாள் உறையைச் செருகி அடையாளம் வைக்கிறார்கள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஏறுவதற்குள் தந்தை இரகத்தின் பூவைப் பறித்து வந்து, உறையை நீக்கிச் சூல்முடியில் மகரந்தத்தைத் தடவி, காம்பில் நூலைக் கட்டிவிட வேண்டும். இதை ஒரு நாளில் நூற்றுக்கணக்கான பூக்களுக்கு, குனிந்த முதுகோடு செய்கிறார்கள். எந்தப் பூ எந்தப் பெற்றோருக்குப் பிறந்தது என்ற உண்மை அந்த நூலையும் அந்த விரல்களின் நேர்மையையும் மட்டுமே நம்பியிருக்கிறது. கோவையில் உருவாகி 1968-ல் வெளியான எம்.சி.யு. 5 என்ற நீண்ட இழைப் பருத்தி, பல இரகங்களைத் திரும்பத் திரும்பக் கலந்து பெறப்பட்டது. அத்தகைய கலப்புகளுக்குப் பின்னால் எத்தனை விரல்கள் இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

கோவைக்கு இந்த உழைப்பு புதிதன்று. கரும்பு இங்கே நன்றாகப் பூத்து விதை பிடிக்கிறது என்ற காரணத்தால்தான் 1912-ல் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் இவ்வூரில் அமைந்தது. அங்கிருந்த விஞ்ஞானிகள் பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் உருவாக்கிய கோ 205 என்ற இரகம் 1918-ல் வெளிவந்து வடநாட்டுக் கரும்பு வயல்களை மாற்றியமைத்தது. அது மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனம். 1906-ல் சைதாப்பேட்டையிலிருந்து இங்கு வந்த வேளாண் கல்லூரியிலிருந்து வளர்ந்து 1971-ல் உருவான தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வேறு. இரண்டிலுமே பல இரகங்களின் பெயரில் ‘கோ’ என்று ஊரின் முதல் எழுத்து நிற்கிறது; ஆய்வறிக்கையில் விஞ்ஞானியின் பெயர் நிற்கிறது. வயலில் நின்றவரின் பெயர் வருகைப் பதிவேட்டிலும் கூலிப் பட்டியலிலும் மட்டும் இருந்து, அந்தத் தாள்கள் கழிக்கப்படும்போது அதுவும் போய்விடுகிறது.

ஆகவே தாங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தாயார் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை, எந்தப் பிரிவில், யாருடைய மேற்பார்வையில் வேலை செய்தார் என்பதை அவர் சொல்லச் சொல்ல எழுதி, உடன் வேலை செய்தவர்களின் பெயர்களையும் சேர்த்து, அத்துறைத் தலைவருக்கும் பதிவாளருக்கும் பரிந்துரையாக அனுப்புங்கள். அவரோடு பணிபுரிந்து ஓய்வு பெற்ற விஞ்ஞானி யாராவது இருந்தால் அவரிடம் ஒரு கடிதம் கேளுங்கள். நல்ல விஞ்ஞானிகள் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்கள். பல்கலைக்கழகங்களோ, ஒரு புதிய இரகத்தை வெளியிடும் நாளில் அதற்குக் கலப்பு செய்த பண்ணைப் பணியாளர்களையும் மேடைக்கு அழைத்து, வெளியீட்டுக் குறிப்பில் அவர்கள் பெயரை அச்சிடும் வழக்கத்தைத் தொடங்கலாம். இதற்கு ஒரு ரூபாய்கூட அதிகச் செலவு இல்லை.

கேள்வி: நான் ஒரு பல்கலைக்கழகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றேன். கடைசி நாளன்று சந்தன மாலை, பொன்னாடை, வாழ்த்துரைகள் என்று எதிலும் குறைவில்லை. ஆனால் பணிக்கொடையும் ஓய்வூதிய ஆணையும் கைக்கு வரப் பல மாதங்கள் அலைந்தேன். இதைச் சொன்னால் நன்றி மறந்தவன் என்கிறார்கள். நான் எதிர்பார்த்தது தவறா?
— ஓய்வு பெற்ற கண்காணிப்பாளர், ஈரோடு

பதில்: தவறே இல்லை. ஓய்வு பெறுபவருக்கு நிறுவனம் செய்யும் முதல் மரியாதை, அவருக்கு உரியதை உரிய நாளில் கொடுப்பது. மற்றவை அதன் பின்னர் வர வேண்டியவை. இதில் நன்றி என்ற பேச்சுக்கே இடமில்லை. பணிக்கொடை யாரும் மனமிரங்கித் தருவதன்று, உழைத்து ஈட்டியது.

தாமதம் எங்கே நேர்கிறது என்று பார்த்தால், பெரும்பாலும் யாருடைய தீய எண்ணமும் காரணமாக இராது. பணிப்பதிவேட்டில் இருபது ஆண்டுகளுக்கு முந்தைய ஊதிய உயர்வு ஒன்றுக்கு மேலொப்பம் விட்டுப்போயிருக்கும். விடுப்புக் கணக்கு சரிபார்க்கப்படாமல் இருக்கும். தேர்வுப் பணிக்காக வாங்கிய முன்பணம் ஒன்று தீர்வு செய்யப்படாமல் நிற்கும். மாநிலப் பல்கலைக்கழகங்களின் கணக்குகளை உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை தணிக்கை செய்கிறது. அதில் எழுப்பப்பட்ட தடை ஒன்று, சம்பந்தப்பட்டவர் வேறு பிரிவுக்கு மாறிப் பல ஆண்டுகள் ஆன பிறகும் அவர் பெயரிலேயே நிலுவையில் இருக்கும். ஓய்வுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது கோப்பைத் திறந்தால் இவை அனைத்தும் ஒன்றாக வெளிவரும். ஓய்வு நாள் பல ஆண்டுகளுக்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்த நாள்தானே? ஓராண்டுக்கு முன்பே பணிப்பதிவேட்டை எடுத்து, ஓய்வு பெறப் போகிறவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பக்கம் பக்கமாகப் பார்த்துவிட்டால், கடைசி நாளில் மாலையோடு ஆணையையும் கையில் கொடுக்க முடியும்.

இதைச் செய்கிற அலுவலர்கள் இருக்கிறார்கள். தம் பிரிவில் ஓய்வு பெறும் ஒவ்வொருவருக்கும் கோப்பைத் தாமே எடுத்துக்கொண்டு மேசை மேசையாகச் சென்று முடித்துக் கொடுத்தவர்களை நான் அறிவேன். சிறந்த சேவைக்கான விருது அத்தகையவர்களுக்குப் போக வேண்டும் என்று விரும்புகிறேன். 1.4.2003 அன்றோ அதற்குப் பின்னரோ பணியில் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தின்கீழ் வந்தவர்கள். அவர்களுடைய பங்களிப்புக் கணக்கில் விடுபட்ட மாதங்கள் இருந்தால் அதையும் பணியில் இருக்கும்போதே சரிசெய்துகொள்வது அவசியம்.

கேள்வி: விருது வழங்கும்போது யாரை முதலில் அழைப்பது என்பதிலேயே எங்கள் கல்லூரியில் சென்ற ஆண்டு மனக்கசப்பு ஏற்பட்டது. என்ன செய்யலாம்? நினைவுப் பரிசாக எதைக் கொடுக்கலாம்?
— உதவிப் பேராசிரியர், நாமக்கல்

பதில்: கோயில் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்பதில் ஊர்கள் பிளவுபட்ட கதைகளை நம் பகுதியில் அறியாதவர் இல்லை. பல்கலைக்கழகத்துக்கு அது வேண்டாம். அகர வரிசையில் அழையுங்கள்; பேராசிரியர், ஓட்டுநர், தோட்டப் பணியாளர் என்று பதவிவாரியாகப் பிரிக்காதீர்கள். விருது பெறுபவர்களை மேடையிலும், வாழ்த்த வந்தவர்களை முன்வரிசையிலும் அமர்த்திப் பாருங்கள். விழாவின் தன்மையே மாறிவிடும். பாராட்டிதழை முழுமையாகப் படிக்க ஒருவருக்கு இரண்டு நிமிடமாவது வேண்டும். அந்த நேரத்தைச் சிறப்புரைகளிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

பரிசைப் பொறுத்தவரை, ஒருமுறை போர்த்தியபின் பீரோவில் கிடக்கும் பளபளப்பான சால்வைக்கு மாற்றாகச் சென்னிமலைப் போர்வையோ, பவானி ஜமுக்காளமோ, நெகமம் சேலையோ கொடுக்கலாம். வீட்டில் நாள்தோறும் பயன்படும். நம் நெசவாளர் ஒருவருக்கும் கூலி கிடைக்கும். பாராட்டிதழைச் சட்டம் போட்டுத் தமிழில் கொடுங்கள். பெற்றவரும் அவர் வீட்டாரும் படிக்கக்கூடியதாக அது இருக்க வேண்டும்.

கேள்வி: நான் நாட்டு நலப்பணித் திட்டத்தில் இரண்டு ஆண்டுகள் பணியாற்றினேன். முடிவில் எல்லோருக்கும் ஒரே மாதிரிச் சான்றிதழ் கொடுத்தார்கள். முகாமுக்கே வராதவர்களுக்கும் அதே சான்றிதழ். அப்படியானால் உழைத்தவர்களுக்கு என்ன மதிப்பு?
— மாணவி, கோபிசெட்டிபாளையம்

பதில்: தங்கள் வருத்தம் நியாயமானது. நாட்டு நலப்பணித் திட்டம் காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி 24.9.1969 அன்று 37 பல்கலைக்கழகங்களில் ஏறத்தாழ 40,000 மாணவர்களோடு தொடங்கியது. ‘எனக்காக அன்று, உனக்காக’ என்பது அதன் குறிக்கோள். ஆண்டுக்கு 120 மணி நேரமாக இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரத் தொண்டும், ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்றும் அதன் அடிப்படை. இந்த மணிக்கணக்கைப் பொய்யாக நிரப்பினால், பொய்யாகப் பெற்றவருக்கு ஒரு தாள் கிடைக்கிறது. உண்மையாக உழைத்தவரின் தாள் மதிப்பிழக்கிறது. கையொப்பமிடும் திட்ட அலுவலர்கள் இதை உணர வேண்டும்.

சான்றிதழ் பங்கேற்புக்கு உரியது. விருது தனிச் சிறப்புக்கு உரியது. தேசிய அளவில் இத்திட்டத்துக்கான விருதுகள் அதன் வெள்ளி விழாவையொட்டி 1993-94-ல் ஏற்படுத்தப்பட்டு, தொண்டர்களுக்கும் திட்ட அலுவலர்களுக்கும் அலகுகளுக்கும் தனித்தனியே வழங்கப்படுகின்றன. பல்கலைக்கழக அளவில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போது, முகாம் நடந்த ஊரைக் கேட்பதே சரியான வழி என்று நினைக்கிறேன். நொய்யல் ஆற்றுக் குளம் ஒன்றின் கரையில் சீமைக் கருவேலம் வெட்டியது யார், முகாம் முடிந்த பின்னும் விடுமுறையில் வந்து நட்ட கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றியது யார் என்பது அந்த ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். அங்கன்வாடிப் பணியாளர், பள்ளித் தலைமையாசிரியர், ஊராட்சித் தலைவர் ஆகிய மூவரிடமும் தனித்தனியே கேட்டால் ஒரே பெயர் மூன்று முறை வருவதைக் காண்பீர்கள். தங்கள் பெயரும் அப்படி ஓர் ஊரில் சொல்லப்படுகிறது என்றால், அதைத் திட்ட அலுவலருக்கு எழுதித் தரும்படி அந்த ஊரையே கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

கேள்வி: பள்ளிப் படிப்பே இல்லாத, பல்கலைக்கழகத்தில் எந்தப் பதவியிலும் இல்லாத ஒருவரைப் பல்கலைக்கழகம் பாராட்டுவது பொருத்தமா?
— விவசாயி, பொள்ளாச்சி

பதில்: முழுக்கப் பொருத்தம். மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியில் பவானிக் கரையோரம் இயற்கை முறையில் விவசாயம் செய்துவந்த பாப்பம்மாள் அம்மையாரை நம் பகுதி நன்கறியும். மளிகைக் கடையும் சிற்றுண்டிக் கடையும் நடத்திச் சேர்த்த பணத்தில் நிலம் வாங்கி உழுதவர். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் விவாதக் குழு அமைப்பாளராகவும் இருந்தவர். ஆராய்ச்சி நிலையத்தில் சொல்லப்படுவது வயலில் நடக்குமா நடக்காதா என்று எழுந்து கேட்கும் விவசாயிகள் இல்லாமல் ஒரு வேளாண் பல்கலைக்கழகம் இயங்க முடியாது. அவருக்கு 2021-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது அவர் நூறு வயதைக் கடந்திருந்தார். 2024 செப்டம்பரில் மறைந்தார். நாடு மதித்த பிறகு நாமும் மதிப்பது எளிது. இன்று பல்கலைக்கழக அறிவியலாளர்களுக்குத் தம் நிலத்தில் சோதனைத் திடல் விட்டுக்கொடுத்து, அந்தப் போகத்தின் வருமானம் குறைந்தாலும் முகம் சுளிக்காமல் இருக்கும் விவசாயிகள் கொங்கு வட்டாரமெங்கும் இருக்கிறார்கள். தங்கள் ஊரிலும் இருப்பார். அவர் பெயரை எழுதி அனுப்புங்கள்.

கேள்வி: ஓய்வு பெற்ற பேராசிரியர்களுக்கு ஆய்வகத்தையும் நூலகத்தையும் தொடர்ந்து பயன்படுத்த அனுமதி தருவது இளையவர்களின் இடத்தை அடைப்பதாகாதா?
— ஆராய்ச்சி மாணவர், சேலம்

பதில்: பதவியிலும் முடிவெடுக்கும் குழுக்களிலும் ஒட்டிக்கொண்டிருந்தால் அடைப்பதுதான். மேசை ஒன்று, நூலக அட்டை ஒன்று, ஆய்வகத்தில் ஒரு மூலை ஆகியவற்றால் யாருடைய இடமும் குறையாது. கோவைக் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தில் ஆய்வு செய்த தாவரவியலாளர் ஜானகி அம்மாள், 1970 முதல் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தில் ஓய்வுக்குப் பிந்தைய மதிப்புறு அறிவியலாளராக இருந்து, மதுரவாயல் களஆய்வகத்திலேயே தங்கி, 1984-ல் மறையும் வரை மூலிகைகளையும் செடிகளையும் வளர்த்து ஆராய்ந்துவந்தார். அவர் கேட்டது வேலை செய்ய ஓர் இடம் மட்டுமே. இதே உரிமையை ஆசிரியர் அல்லாத பணியாளர்களுக்கும் கொடுக்க வேண்டும். நூலகத்தில் 30 ஆண்டுகள் புத்தகம் எடுத்துக் கொடுத்த ஒருவர், ஓய்வு பெற்ற மறுநாள் அதே வாயிலில் அடையாள அட்டை இல்லை என்று நிறுத்தப்படுவது எந்த நிறுவனத்துக்கும் அழகன்று.

கேள்வி: என் தந்தையார் விடுதிச் சமையற்கூடத்தில் பணியாற்றி, ஓய்வு பெற்ற சில மாதங்களில் காலமானார். மறைந்தவர்களுக்கும் விருது உண்டா?
— வாசகர், தாராபுரம்

பதில்: இருக்க வேண்டும். ஆனால் உயிரோடிருப்பவர்களுக்கான எண்ணிக்கையில் அதைச் சேர்க்காமல் தனியே வைப்பது நல்லது. தந்தையாரின் கையால் உண்ட மாணவர்கள் இன்று பல ஊர்களில் நல்ல நிலையில் இருப்பார்கள். அவர் பெயரில் ஓர் அறக்கட்டளைப் பரிசு ஏற்படுத்த அவர்களுக்குத் தகவல் தெரிவித்தாலே போதும். விடுதி மாணவர் ஒருவருக்கு ஆண்டுதோறும் உணவுக் கட்டணம் செலுத்துவதாக அதை அமைத்தால் அவருடைய பணிக்கு நெருக்கமாக இருக்கும்.

கேள்வி: பார்வைக் குறைபாடுள்ள மாணவர்களுக்காகப் பல்கலைக்கழகத் தேர்வுகளை எழுதித் தருகிறேன், பாடங்களையும் வாசித்துப் பதிவு செய்து கொடுக்கிறேன். இந்த ஆண்டு விருதுக்கு என் பெயரைச் சொல்லியிருப்பதாக அறிந்தேன். எனக்கு மேடை விருப்பமில்லை. மறுத்தால் அவமதிப்பாகுமா?
— இல்லத்தரசி, திருப்பூர்

பதில்: அம்மா, மறுப்பது தங்கள் உரிமை; அவமதிப்பாகாது. மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் என்ற விதிப்படி, மூன்று மணி நேரத் தேர்வுக்குத் தாங்கள் நான்கு மணி நேரம் உட்கார்ந்து எழுதுகிறீர்கள். மாணவர் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல், தவறு என்று தெரிந்தாலும் திருத்தாமல் எழுதுவது எவ்வளவு கடினம் என்பதை எழுதியவர்களே அறிவார்கள். தேர்வுக் காலத்தில் எழுதுபவர் கிடைக்காமல் கடைசி நாள்வரை தவிக்கும் மாணவர்கள் பலர். ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள் மட்டும் வைக்கிறேன். விழாவுக்கு வர வேண்டாம். பாராட்டிதழை வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஆனால் அதற்கு மாற்றாகப் பல்கலைக்கழகத்திடம் தாங்கள் விரும்புவதைக் கேளுங்கள்: எழுத முன்வருபவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றைத் தேர்வுப் பிரிவு நிரந்தரமாகப் பராமரிக்க வேண்டும், வந்து செல்லும் பேருந்துக் கட்டணத்தை அன்றே கொடுக்க வேண்டும், தாங்கள் வாசித்த ஒலிப்பதிவுகளை நூலகம் வாங்கிப் பாதுகாத்து எல்லாக் கல்லூரி மாணவர்களுக்கும் கிடைக்கச் செய்ய வேண்டும். பாராட்ட விரும்புகிற பதிவாளர் இம்மூன்றையும் அடுத்த பருவத் தேர்வுக்கு முன்பே செய்து முடிக்க முடியும்.